பாசி பிடித்த தொட்டி

வியாழக்கிழமை காலையில் இன்னொரு மீன் செத்துப் போயிருந்தது.

வகுப்புக்குள் நுழைந்ததும் கோகிலா அதைத்தான் முதலில் பார்த்தாள். கண்ணாடித் தொட்டியின் மேல்மட்டத்தில், வெள்ளை வயிற்றைக் காட்டியபடி நீலவால் கப்பி மீன் மிதந்தது. மற்ற மீன்கள் ஒரு மூலையில் ஒதுங்கி, வாயை மேலே தூக்கித் தூக்கிக் காற்றை விழுங்கிக்கொண்டிருந்தன. தண்ணீருக்குள் இருக்கும் மீனுக்கு மூச்சு முட்டுமா என்று கேட்டால், முட்டும் என்றுதான் சொல்ல வேண்டும். பார்க்கவே பாவமாக இருந்தது.

வெளியே விடாமல் தூறல். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள். மண்டபம் போகும் சாலையோரம் இருந்த அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தில் பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது.

"இதுவும் போச்சா?" என்று தங்கப்பாண்டி எட்டிப் பார்த்தான். "இதோட மூணு."

"எண்ணாதடா" என்றாள் கோகிலா.

மீன்தொட்டி வந்தே ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. வகுப்பாசிரியை இராமலட்சுமி டீச்சர் ராமநாதபுரத்தில் ஒரு கடையில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்திருந்தார். கூடவே பிளாஸ்டிக் பையில் பத்துக் கப்பி மீன்கள். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத மீன்கள்தான். ஆனாலும் வாலை விசிறிக்கொண்டு அவை திரும்பிய அழகைப் பார்த்து, ஐந்தாம் வகுப்பு முழுவதும் வாய் பேசாமல் நின்றது. அது அந்த வகுப்பில் அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை.

"முதல்ல யாரு மீனை விடுறது?" என்று டீச்சர் கேட்டபோது எல்லாக் கைகளும் உயர்ந்தன. ஒரு கை மட்டும் உயரவில்லை. டீச்சர் அந்தக் கையைத்தான் கூப்பிட்டார்.

அது நிருஷாவின் கை. மண்டபம் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வரும் பிள்ளை அவள். ஜூன் மாதத்தில் அவளுடைய அம்மா இறந்துபோனார். அதற்குப் பிறகு அவள் சிரித்து யாரும் பார்க்கவில்லை. அன்றைக்குப் பையைச் சாய்த்து மீன்களைத் தண்ணீரில் விட்டபோதுதான் கொஞ்சம் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் டீச்சர் தொட்டியே வாங்கினாரோ என்னவோ.

இப்போது அதே நிருஷா கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று, செத்த மீனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கப்பாண்டி தலையைச் சொறிந்தான். கெட்ட எண்ணம் உள்ள பையன் இல்லை. மனதில் தோன்றியதை வாய் உடனே சொல்லிவிடும், அவ்வளவுதான்.

"எங்க அய்யா விதைக்கிறப்ப முதல் விதையை எல்லார் கையிலயும் வாங்க மாட்டாரு. கைராசி பார்த்துத்தான் வாங்குவாரு. ராசியில்லாத கைன்னா விதைகூட முளைக்காதாம்" என்றான். பிறகு, "இந்த மீனையெல்லாம் விட்டது யாரு?" என்று கேட்டான்.

எல்லாரும் திரும்பி நிருஷாவைப் பார்த்தார்கள்.

நிருஷா தன் வலது கையைப் பாவாடைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

கோகிலாவுக்கு மனசு கஷ்டமாக இருந்தது. தங்கப்பாண்டியை நாலு திட்டுத் திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். ஆனால் அவளுக்கும் உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தேகம் இருந்தது. அதனால் நிருஷாவிடம் போய், மெதுவாக, நல்ல குரலில்தான் சொன்னாள்.

"நீ கொஞ்ச நாளைக்குத் தொட்டிப் பக்கம் வராதடி. மீனுங்க நல்லா ஆகட்டும். நான் பார்த்துக்கிறேன்."

"ஓம்" என்றாள் நிருஷா. முகாமில் 'சரி' என்பதற்கு அப்படித்தான் சொல்வார்கள்.

நல்ல குரலில் சொன்னால் மட்டும் அந்தச் சொல் வலிக்காமல் போய்விடுமா? நிருஷா அன்று முழுவதும் கடைசி பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.

*

கோகிலா 'நான் பார்த்துக்கிறேன்' என்று சொன்னால் பார்த்துக்கொள்வாள். அதில் சந்தேகமே வேண்டாம். தொட்டியைச் சுத்தம் செய்யும் பொறுப்பை டீச்சர் அவளிடம் கொடுத்ததே அதனால்தான்.

கோகிலாவின் வீட்டில் தண்ணீர் என்றால் சாமி மாதிரி. அந்தப் பக்கத்துக் கிணறுகள் எல்லாம் உப்பு. நாலு நாளைக்கு ஒருமுறைதான் தெருக் குழாயில் காவிரித் தண்ணீர் வரும். தண்ணீர் வரும் நாளில் அம்மா செய்யும் முதல் வேலை, குடங்களில் மிச்சமிருக்கும் பழைய தண்ணீரை முருங்கை மரத்துக்கு ஊற்றுவது. அடுத்து, தேங்காய் நாரும் கல்லுப்பும் போட்டு ஒவ்வொரு குடத்தையும் பளபளவென்று தேய்ப்பது. அதற்குப் பிறகுதான் புதுத் தண்ணீர்.

"பழைய தண்ணி மேல புதுத் தண்ணியை ஊத்துனா ரெண்டும் கெட்டுப்போகும்" என்பார் அம்மா. அந்தத் தெருவில் எல்லா அம்மாக்களும் அப்படித்தான் சொல்வார்கள்.

கோகிலாவும் மீன்தொட்டியை அப்படித்தான் வைத்திருந்தாள். மீன்களை வாளியில் எடுத்துவிட்டு, தொட்டியைக் கவிழ்த்து, நாரும் உப்பும் போட்டுத் தேய்ப்பாள். கூழாங்கற்கள் மேல் வெந்நீர் ஊற்றுவாள். கல்லில் கொஞ்சம் வழவழப்புத் தட்டினாலும் விடமாட்டாள். பிறகு குழாயிலிருந்து நேராகப் பிடித்த புத்தம்புதுத் தண்ணீரை நிரப்புவாள். ஒரு மீன் செத்தால் இன்னும் அழுத்தித் தேய்ப்பாள். கை சிவந்துபோகும்.

அந்த வியாழக்கிழமை தண்ணீர் வரும் நாள். மழையால் மறுநாள் விடுமுறை என்று வேறு அறிவித்துவிட்டார்கள். சனி, ஞாயிறும் சேர்ந்தால் மூன்று நாள் பள்ளி கிடையாது. அதுவரை மீன்கள் அழுக்கில் கிடக்குமே என்று கோகிலா கவலைப்பட்டாள். மாலையில் வழக்கத்தைவிட நன்றாகவே தேய்த்து, வாசலில் இருந்த குழாயில் தண்ணீர் பிடித்து நிரப்பினாள். மழைக்காலம் என்று தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் கொஞ்சம் தூக்கலாகப் போட்டிருந்தார்கள். மூக்கில் சுர்ரென்று ஏறியது.

'நல்ல சுத்தமான தண்ணி' என்று நினைத்துக்கொண்டாள்.

பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது திரும்பிப் பார்த்தாள். குண்டாக, வண்ணமே இல்லாமல் பழுப்பாக இருக்கும் ஒரு கப்பி பக்கவாட்டில் சாய்ந்து கற்கள் மேல் கிடந்தது.

"போச்சு" என்றார் டீச்சர் பெருமூச்சோடு. "இதையும் வேப்ப மரத்தடியில புதைச்சுட்டு நீ வீட்டுக்குப் போம்மா. மழை வலுக்குது. இனிமேயும் இப்படியே செத்துச்சுன்னா, மிச்சத்தைக் கடையிலயே திருப்பிக் கொடுத்துருவோம். உயிரோட விளையாட வேண்டாம்."

கோகிலா மீனை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு நடந்தாள். வேப்ப மரத்தடியில் சின்னச் சின்ன மண்மேடுகள் மூன்று மழையில் கரைந்து கிடந்தன. நாலாவது குழியைக் குச்சியால் தோண்டி முடித்தபோது, மீனின் செவுள் ஒருமுறை திறந்து மூடியது.

கோகிலா பதறிப்போனாள். உயிரோடு இருப்பதை எப்படிப் புதைப்பது? வகுப்புக் கதவைப் பூட்டியாகிவிட்டது. டீச்சர் பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தார். சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் ஒரு பழைய சிமெண்டுத் தொட்டி இருந்தது. மழைத்தண்ணீர் தேங்கி, உள்ளே பச்சைப் பாசி படர்ந்து கிடக்கும். பக்கத்துத் தோப்பு ஆடுகள் வந்து குடிக்கும். அதைப் பார்த்தாலே கோகிலாவுக்குக் குமட்டும்.

வேறு வழி இல்லை. மீனை அதில் விட்டாள். அது பாசிக்குள் தொப்பென்று இறங்கி மறைந்துவிட்டது.

"மன்னிச்சுக்க" என்று அதனிடம் சொல்லிவிட்டு நனைந்துகொண்டே ஓடினாள்.

*

திங்கட்கிழமை தொட்டியில் இரண்டே மீன்கள் உயிரோடு இருந்தன. மற்ற நான்கும் மிதந்தன.

அன்று தங்கப்பாண்டிகூடப் பேசவில்லை. அவனே போய் வேப்ப மரத்தடியில் குழி தோண்டினான். கோகிலா அழுதாள். மூன்று நாளும் எவ்வளவு சுத்தமான தண்ணீரில் இருந்தன! அப்படியும் ஏன்?

நிருஷா வாசற்படியில் நின்று தொட்டியைப் பார்த்தாள். உள்ளே வராமல் திரும்பி நடந்தாள். டீச்சர் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தார்.

மதியம் சாப்பிடும்போது ஆளுக்கொரு நாள் முறை வைத்து, எல்லாருக்கும் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பார்கள். அன்றைக்கு நிருஷாவின் முறை. அவள் செம்பைத் தொடவே இல்லை.

"ஏண்டி, தாகமா இருக்குல்ல?" என்று யாரோ கத்தினார்கள்.

"நான் குடுக்க மாட்டன்" என்று சொல்லிவிட்டு நிருஷா எழுந்து போய்விட்டாள்.

கோகிலா பின்னாலேயே போனாள். சத்துணவுக் கூடத்தின் சுவரோரம் நிருஷா குந்தியிருந்தாள். வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"தங்கப்பாண்டி சொன்னதையா நெனச்சுக்கிட்டு இருக்க? அவன் ஒரு லூசு" என்றாள் கோகிலா.

நிருஷா தலையை ஆட்டினாள். "அவன் சொல்லுறதுக்கு முன்னமே எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

நிருஷா கையை விடாமலே சொன்னாள். "அம்மா ஆஸ்பத்திரியில கிடந்தவா. தாகமா இருக்கு எண்டு கேட்டவா. அப்பா மருந்து வாங்கப் போயிட்டார். நான்தான் டம்ளர்ல தண்ணி குடுத்தனான். அண்டைக்குப் பின்னேரமே அம்மா செத்துப் போனா."

கூரையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"மீனையும் நான்தான் கையால விட்டனான்" என்றாள் நிருஷா. "இனி நான் ஒருத்தருக்கும் ஒண்டும் குடுக்க மாட்டன்."

'தொட்டிப் பக்கம் வராதடி' என்று தான் சொன்னது கோகிலாவுக்கு ஞாபகம் வந்தது. அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தாள். ஒரு வார்த்தையும் வரவில்லை. நிருஷா எழுந்து வகுப்புக்குப் போய்விட்டாள்.

கோகிலா மட்டும் அங்கேயே நின்றாள். அப்போதுதான் சிமெண்டுத் தொட்டிக்குள் ஏதோ பளிச்சென்று திரும்பியது.

குனிந்து பார்த்தாள். பாசிக்கு நடுவில் பழுப்புக் கப்பி! வியாழக்கிழமை சாகக் கிடந்த அதே மீன். தண்ணீருக்குள் ஒரு கொசுப்புழு நெளிந்தது. லபக்! மீன் அதை விழுங்கிவிட்டு, இன்னொன்றைத் தேடிப் போனது. முன்னைவிடக் குண்டாகக்கூட இருந்தது.

சந்தோஷத்தில் கத்தப் போன கோகிலா வாயைப் பொத்திக்கொண்டாள்.

இது எப்படி? இந்தத் தொட்டியை யாருமே கழுவியதில்லை. தண்ணீர் பழசு. சுவரெல்லாம் வழவழவென்று பாசி. ஆடு வாயை வைக்கிறது. யாரும் தீனி போடவில்லை. அப்படியும் மீன் பிழைத்திருக்கிறது. அங்கே கண்ணாடித் தொட்டியில் எல்லாமே சுத்தம், எல்லாமே புதுசு. மீன் செத்துக்கொண்டிருக்கிறது.

தண்ணீரில் விரலை விட்டு முகர்ந்து பார்த்தாள். மழை வாசனையும் பாசி வாசனையும்தான் இருந்தன. பிளீச்சிங் வாசனை துளியும் இல்லை.

அன்றும் தண்ணீர் வரும் நாள். மாலையில் வீட்டுக்குப் போனபோது அம்மா குடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். உப்பும் நாரும் உரசும் சத்தம் 'சரக் சரக்' என்று கேட்டது. குழாயில் தண்ணீர் சீறி வந்தது. அந்தக் காரமான வாசனை மூக்கில் ஏறியதும் கோகிலா ஆடாமல் நின்றுவிட்டாள்.

அவள் தொட்டியைத் தேய்த்த ஒவ்வொரு நாளுக்கும் பிறகுதான் மீன்கள் செத்திருக்கின்றன. வியாழக்கிழமை ரொம்பவும் அழுத்தித் தேய்த்தாள். அதற்குப் பிறகுதான் நான்கு மீன்கள் ஒன்றாகச் செத்தன.

"ஏத்தா, குடத்தைப் புடி. என்ன மசமசன்னு நிக்கிற?" என்றார் அம்மா.

கோகிலா தன் கைகளைப் பார்த்தாள். நாரில் தேய்ந்து சிவந்த கைகள். நிருஷாவின் கை இல்லை. இந்தக் கைகள்தான்.

சாப்பிடும்போதும் அவளுக்கு அதே நினைப்புதான். இனிமேல் தேய்க்காமல் இருந்தால் மிச்ச மீன்கள் பிழைத்துக்கொள்ளும். யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. 'கோகிலாதான் கொன்னுட்டா' என்று தங்கப்பாண்டி பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிய மாட்டான். அப்படியே விட்டுவிடலாம்தான். ஆனால் நிருஷா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே! அதை நினைத்தால் அவளுக்கு அழுகை வந்தது.

*

மறுநாள் முதல் வேலையாகச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் கோகிலா பள்ளிக்கு வந்தாள். பிரார்த்தனை முடியட்டும் என்று தள்ளிப்போட்டாள். வருகைப் பதிவு முடியட்டும் என்று தள்ளிப்போட்டாள். பெரியவர்களே இப்படித்தான் தள்ளிப்போடுகிறார்கள், அவளை என்ன சொல்வது?

அப்போது வெளியே குரல் கேட்டது.

"டீச்சர், கொசு மருந்துக்காரன் வந்துருக்கேன்!"

கொசு ஒழிப்புப் பணியாளர் மாரீஸ்வரன். மழைக்காலம் வந்தால் டெங்குக் கொசுவைத் தேடி வீடு வீடாக வருவார். தேங்கிய தண்ணீரை எங்கே கண்டாலும் கவிழ்த்துவிடுவார். தேங்காய்ச் சிரட்டைகூடத் தப்பாது. பிள்ளைகளுக்கு அவர் வந்தால் கொண்டாட்டம். வகுப்பு முழுவதும் பின்னாலேயே ஓடியது. டீச்சரும் போனார்.

மாரீஸ்வரன் நேராகச் சிமெண்டுத் தொட்டிக்குத்தான் போனார்.

"அடேங்கப்பா! இங்கன கொசுவுக்குப் பங்களாவே கட்டி வச்சிருக்கீக போல!" என்று சொல்லி, அடியில் இருந்த அடைப்பைப் பிடுங்கக் குனிந்தார்.

"அண்ணே, வேண்டாம்! புடுங்காதீங்க!"

கோகிலா கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடிவந்து தொட்டிக்கு முன்னால் நின்றாள்.

"ஏன் பாப்பா? உள்ளாற என்ன இருக்கு?"

"மீன் இருக்கு!"

"மீனா?" மாரீஸ்வரன் நீளமான கரண்டியைத் தொட்டிக்குள் விட்டு எடுத்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். இன்னொரு மூலையிலும் எடுத்துப் பார்த்தார். "அதிசயமா இருக்கே! இந்த மாதிரித் தொட்டியில கரண்டியை விட்டா புழுவா நெளியணும். ஒண்ணுகூட இல்லை. மீனு எல்லாத்தையும் தின்னுருச்சு. என் வேலையை அதுவே பார்த்துருச்சு!"

பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் மட்டும் தொட்டிக்குள் உற்றுப் பார்த்தார்.

"இது நம்ம மீனாச்சே. செத்துப்போச்சுன்னு உன்கிட்டத்தானே கொடுத்தேன்?"

கூட்டத்துக்குக் கடைசியில், கையை மறைத்துக்கொண்டு நிருஷா நிற்பது தெரிந்தது. கோகிலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உயிர் இருந்துச்சு டீச்சர். அதான் இதுல விட்டேன். இதை யாருமே தேய்க்கலை. அதனாலதான் பிழைச்சிருக்கு. நம்ம தொட்டியை நான் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவுனேன். கல்லுல வெந்நி ஊத்துனேன். பிளீச்சிங் வாடை அடிக்கிற தண்ணியை அப்படியே ஊத்துனேன். நான் தேய்ச்ச அன்னைக்கெல்லாம்தான் மீன் செத்துருக்கு." அவள் குரல் உடைந்தது. "நிருஷா கையில ஒண்ணும் இல்லை டீச்சர். மீன் செத்தது என் கையாலதான்."

தொலைவில் ராமேஸ்வரம் ரயில் போகும் சத்தம் மட்டும் கேட்டது.

"சுத்தமா வச்சா சாகுமா?" என்று தங்கப்பாண்டி நம்பாமல் கேட்டான்.

டீச்சர் செல்போனை எடுத்துத் தேடினார். படிக்கப் படிக்க அவர் முகம் வாடியது.

"ஆமாடா. பிளீச்சிங் போட்ட தண்ணியை ஒரு நாளாவது வாளியில திறந்து வைக்கணுமாம். அந்த வாடை போன பிறகுதான் ஊத்தணும். கல்லுல வழவழன்னு இருக்கே, அதுல கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமிங்க இருக்காம். மீனோட கழிவு விஷமா மாறாம அதுங்கதான் பார்த்துக்குதாம். புதுத் தொட்டியில அதுங்க வளரவே சில வாரம் ஆகுமாம். நாம ஒரு தடவைகூட வளர விடலை." போனைக் கீழே இறக்கினார். "முதல்லயே பத்து மீனை விட்டதும் தப்புதான். இதையெல்லாம் படிச்சுப் பார்க்காம வாங்கிட்டு வந்தது நான். கோகிலா மேல மட்டும் என்ன பழி?"

தங்கப்பாண்டி காலால் மண்ணைக் கிளறினான். "டீச்சர், தீனி அதிகமாப் போட்டாலும் தண்ணி கெடுமா?"

"கெடும்னுதான் போட்டிருக்கு. ஏன்?"

"நான் தினமும் கொஞ்சூண்டு முறுக்குப் போட்டேன்."

"நான் இட்லி போட்டேன்" என்றது ஒரு குரல்.

"நான் பிஸ்கட்."

"நான் ஊறுகா... தெரியாம விழுந்துருச்சு டீச்சர்!"

மாரீஸ்வரன் தலையில் கை வைத்துக்கொண்டார். "மீனுக்கு நீங்க கல்யாண விருந்தே வச்சிருக்கீக!"

கோகிலாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நிருஷா சிரிக்கவில்லை. ஆனால் பாவாடைக்குப் பின்னால் இருந்த கை மெல்ல முன்னால் வந்திருந்தது.

*

மிச்சமிருந்த இரண்டு மீன்களையும் சிமெண்டுத் தொட்டியில் விட்டார்கள். நிருஷா வரவில்லை, தூரத்திலிருந்தே பார்த்தாள். மாரீஸ்வரன் தொட்டியைக் கவிழ்க்காமல், சுவரில் சாக்பீஸால் 'மீன் உண்டு' என்று எழுதிவிட்டுப் போனார்.

கண்ணாடித் தொட்டிக்குக் கோகிலா புது ஏற்பாடு செய்தாள். பாசித் தொட்டித் தண்ணீரை அதில் பாதி அளவுக்கு ஊற்றினாள். பாசித் தொட்டியின் அடியில் கிடந்த வழவழக் கற்களைக் கழுவாமல் அப்படியே அள்ளிப் போட்டாள். குழாய்த் தண்ணீரை வாளியில் வெயில் பட வைத்து, வாசனை போன பிறகு மெல்ல ஊற்றினாள். கல்லில் இருந்த நல்ல கிருமிகளுக்கு வேலை இல்லாமல் போய்விடக் கூடாது என்று, ஒரே ஒரு மீனை முதலில் அங்கே விட்டாள். அதற்கு ஒரு சிட்டிகைத் தீனிக்கு மேல் யாராவது போட்டால் கையிலேயே ஒன்று கிடைக்கும். வாரத்துக்கு ஒரு தடவை கால்வாசித் தண்ணீரை மட்டும் மாற்றினாள்.

கண்ணாடியின் ஓரத்தில் லேசாகப் பச்சை படர ஆரம்பித்தது. கோகிலாவுக்குக் கை அரித்தது. நாரைத் தேடிப் போகாமல் இருக்க, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள். பாவம், அவளுக்கு அது பெரிய தண்டனை.

மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த ஒரு நாள், சத்துணவுக் கூடத்துக்குப் பின்னாலிருந்து குரல் கேட்டது.

"கோகிலா! இஞ்ச வந்து பார்!"

நிருஷா பாசித் தொட்டியின் விளிம்பில் குனிந்திருந்தாள். எத்தனை நாளாகத் தனியாக வந்து பார்க்கிறாளோ தெரியாது. பாசிக்கு இடையில், பாதி அரிசி அளவு இருக்குமா? கண்ணும் வாலும் மட்டுமே தெரிந்தன. ஒன்று, இரண்டு, ஐந்து...

"குஞ்சு!" என்று கோகிலா கத்தினாள். "அந்தக் குண்டு மீன் குஞ்சு போட்டுருக்கு! அதனாலதான் அது குண்டா இருந்துச்சு!"

கொஞ்சம் வளர்ந்த பிறகு சில குஞ்சுகளைக் கண்ணாடித் தொட்டிக்கு மாற்றலாம் என்றார் டீச்சர். அந்த நாளும் வந்தது. பிளாஸ்டிக் பையில் குஞ்சுகளைப் பிடித்து, தண்ணீரின் சூடு பழகட்டும் என்று பையைத் தொட்டியில் மிதக்க விட்டார்கள்.

"இப்ப விடலாம்" என்றாள் கோகிலா. "நிருஷா, நீ வா."

நிருஷா பின்வாங்கினாள். "நான் வேண்டாம்."

"நீ முதல்ல விட்ட மீனோட குஞ்சுதான் இதெல்லாம்."

"கோகிலா, அம்மாக்கு..." என்று தொடங்கிய நிருஷா நிறுத்திக்கொண்டாள்.

கோகிலா பக்கத்தில் போய் நின்றாள். அன்று சுவரோரம் வராத வார்த்தை இப்போது வந்தது. "உங்க அம்மாவுக்குத் தாகமா இருந்துச்சு. கேட்டாங்க. நீ குடுத்த. குடிச்சுட்டு என்ன செஞ்சாங்க?"

நிருஷா தன் வலது கையைப் பார்த்தாள். "என்னைப் பார்த்துச் சிரிச்சவா" என்றாள். சொன்னதும் அவள் கண்கள் நிறைந்தன.

கோகிலா பையை நீட்டினாள். நிருஷா அதை வலது கையால் வாங்கினாள். பையை மெல்லச் சாய்த்தாள். குஞ்சுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, பாசிக் கல்லுக்கு அடியில் ஓடி ஒளிந்துகொண்டன.

மறுநாள் காலையில் பூட்டிய கதவுக்கு முன்னால் நிருஷாதான் முதலில் நின்றாள். கதவைத் திறந்ததும் உள்ளே போகப் பயந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். தங்கப்பாண்டிதான் ஓடிப்போய் எண்ணினான். முதல் தடவை ஏழு. இரண்டாம் தடவை ஒன்பது. மூன்றாம் தடவை எட்டு.

"ஆடாம நின்னாத்தானே எண்ண முடியும்!" என்று எரிச்சலோடு கத்தினான். "எல்லாம் துள்ளிக்கிட்டுத் திரியுது!"

அன்று மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது கோகிலாவுக்கு விக்கல் எடுத்தது. அவள் செம்பைத் தேடும் முன்னே, பக்கத்திலிருந்து ஒரு டம்ளர் வந்தது. நிருஷா வலது கையில் தண்ணீரை நீட்டிக்கொண்டிருந்தாள்.

கோகிலா அதை வாங்கி ஒரு சொட்டுகூட விடாமல் குடித்தாள்.

"ஏய், எனக்கும்!" என்று எதிர் வரிசையிலிருந்து தங்கப்பாண்டி தன் டம்ளரை நீட்டினான். அவனுக்குப் பக்கத்தில் இருந்தவனும் நீட்டினான். அதற்கடுத்தவளும் நீட்டினாள்.

நிருஷா செம்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.